கிரான்ட் ஹில்லோட இடது கணுக்கால்: 482 கேமும் 544 கேமும்

அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் என்பிஏல ஆடின கிரான்ட் ஹில் பேரை எடுத்தாலே பாஸ்கெட்பால் பாக்குறவங்க வாயில முதல்ல வர்றது "ச்சே, அந்தக் கால் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா"ங்கறதுதான். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் பேசிட்டு இருந்தேன். ஒரு நாள் அவரோட சீசன் கணக்கை எல்லாம் எடுத்து வெச்சு ஒண்ணொண்ணா கூட்டிப் பார்த்தேன், வந்த நம்பரைப் பார்த்து நம்ப முடியாம மறுபடி கூட்டினேன். ரெகுலர் சீசன்ல (சாம்பியனை முடிவு பண்ற கடைசிக் கட்டமான பிளேஆஃப்ஸைச் சேர்க்காம) மொத்தம் 1,026 கேம் ஆடியிருக்கார். 2003 மார்ச்ல உயிருக்கே ஆபத்தாகிப்போன அந்த ஆபரேஷனுக்கு முன்னாடி ஆடினது 482. அதுக்கு அப்புறம், 32 வயசுல இருந்து 40 வயசு வரைக்கும் ஆடினது 544. அதாவது முடிஞ்சுபோச்சுன்னு ஊரே எழுதி வெச்ச இடத்துக்கு அப்புறம்தான் அவரோட கரியர்ல பாதிக்கு மேல நடந்திருக்கு!

இதை யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. எல்லாரும் முதல் ஆறு வருஷத்தைப் பத்தி ஏக்கப்படுவாங்க, நடுவுல வந்த நாலு வருஷத்தைப் பத்தி பாவம்பாங்க, அதோட கதையை முடிச்சிடுவாங்க. அந்த நாலு வருஷத்துல நிஜமா என்ன தப்பாச்சு, அப்புறம் எது சரியாச்சுன்னு முதல்ல இருந்து பார்க்கணும்னு தோணுச்சு, அதனாலதான் இந்தக் கேஸ் ஸ்டடி.

பின்னணி

1972 அக்டோபர் 5, டல்லாஸ்ல பொறந்தார். அப்பா கால்வின் ஹில், அமெரிக்கன் ஃபுட்பால்ல டல்லாஸ் கவ்பாய்ஸ் டீமுக்கு ஓடினவர், 1969ல முதல் சீசன்லயே பெரிய பேர் எடுத்தவர். அம்மா ஜேனட் ஹில் வெல்ஸ்லி காலேஜ்ல படிச்சப்போ அவங்க ரூம்மேட் ஹிலரி கிளின்டன். வளர்ந்தது வர்ஜீனியால ரெஸ்டன்ங்கற ஊர்ல. வசதியான குடும்பம், படிச்ச அப்பா அம்மா.

காலேஜுக்கு டியூக் யுனிவர்சிட்டி, கோச் மைக் ஷஷெஃப்ஸ்கி. 1991, 1992 ரெண்டு வருஷமும் நேஷனல் சாம்பியன். 1992ல கென்டக்கியோட நடந்த அந்த கேம் ஞாபகம் இருக்கும் பல பேருக்கு: ஓவர்டைம், டியூக் 103-102னு ஒரு பாயின்ட் பின்னாடி, கடிகாரத்துல மிச்சம் 2.1 செகண்ட். இந்தக் கோடியில நின்னுட்டு கோர்ட்டோட முக்கால்வாசி தூரத்துக்கு பாலைத் தூக்கி எறிஞ்சது ஹில், அந்தப் பக்கம் பிடிச்சுத் திரும்பிப் போட்டது கிறிஸ்டியன் லேட்னர். எல்லாரும் லேட்னர் ஷாட்டைப் பத்திப் பேசுவாங்க, எனக்கு அந்த பாஸ்தான் பெருசு. அவ்ளோ பிரஷர்ல, அவ்ளோ தூரம், சரியா கைக்கு வர்ற மாதிரி ஒரு பாஸ். 1994ல சீனியரா டீமை ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனார், அர்கன்சாஸ் கிட்ட 76-72ல தோத்தாங்க.

அதே வருஷம் டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் புது ஆட்டக்காரங்களை வரிசையா எடுக்கற இடத்துல, மூணாவது ஆளா டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் எடுத்தாங்க. முதல் ஆள் கிளென் ராபின்சன், ரெண்டாவது ஜேசன் கிட். நேரத்தைப் பாருங்க, மைக்கேல் ஜோர்டன் ரிட்டயர் ஆகி பேஸ்பால் ஆடப் போயிருந்த நேரம், என்பிஏ அடுத்த முகம் யாருன்னு தேடிட்டு இருந்துச்சு. ஹில் வந்த முதல் சீசன்லயே, லீக்கோட பெரிய ஆட்டக்காரங்க ஆடுற ஆல் ஸ்டார் கேமுக்கு ஃபேன்ஸ் போடுற ஓட்டுல எல்லாரையும் தாண்டி முதல் இடம். ரூக்கி, அதாவது முதல் சீசன் ஆடுற ஒருத்தர், ஃபேன்ஸ் ஓட்டுல முதல் இடம் பிடிச்சது அதுதான் முதல் தடவை. ரூக்கி ஆஃப் தி இயர் அவார்டை ஜேசன் கிட்டோட பங்கு போட்டுக்கிட்டார், அந்த சீசன் சராசரி 19.9 பாயின்ட்.

அவர் ஆட்டத்தைப் பார்க்காதவங்களுக்கு ஒரு வரி. 6 அடி 8 அங்குல உயரத்துல ஒரு ஃபார்வர்டு, ஆனா பாலைக் கொண்டு வர்றது, ஆட்டத்தை நடத்துறது எல்லாம் பாயின்ட் கார்டு மாதிரி. எதிர்ல நிக்கிறவர் யோசிக்கிறதுக்குள்ள முதல் எட்டுலயே அவரைத் தாண்டிருவார். அந்த முதல் எட்டுதான் அவரோட சொத்து, கேஸுக்கு முக்கியமான விஷயமும் அதுதான், ஏன்னா அந்த எட்டு வெடிக்கிறதுக்கும் பறந்துட்டு வந்து தரையில இறங்குறதுக்கும் மொத்த பாரத்தையும் வாங்குறது கணுக்கால்.

1996-97ல கேமுக்கு சராசரியா 21.4 பாயின்ட், 9 ரிபவுண்ட் (கூடையில விழாம வர்ற பாலைப் பிடிக்கறது), 7.3 அசிஸ்ட் (அடுத்தவர் கூடை போடக் கொடுக்கற பாஸ்). அந்த வருஷம் ஆல் என்பிஏ ஃபர்ஸ்ட் டீம், அதாவது சீசனோட சிறந்த அஞ்சு பேர்ல ஒருத்தர். 1996 அட்லான்டா ஒலிம்பிக்ஸ்ல தங்கம். முதல் ஆறு சீசன் முடிஞ்சப்போ 9,393 பாயின்ட், 3,417 ரிபவுண்ட், 2,720 அசிஸ்ட். முதல் ஆறு சீசன்ல இந்த மூணு நம்பரையும் ஒண்ணா தாண்டினவங்க ஆஸ்கர் ராபர்ட்சன், லாரி பேர்ட், பின்னாடி வந்த லெப்ரான் ஜேம்ஸ், லூக்கா டான்சிச். அவ்ளோதான் லிஸ்ட்.

இன்னொரு கணக்கும் இருக்கு, இதை யாரும் கவனிக்கிறதில்ல. அந்த ஆறு சீசன்ல அவர் ஆடினது 70, 80, 80, 81, 50, 74. அந்த 50 லாக்அவுட் சீசன், ஓனர்களுக்கும் ஆட்டக்காரங்களுக்கும் ஒப்பந்தத் தகராறுல சுருங்கிப்போய் மொத்தமே 50 கேம்தான், எல்லாத்தையும் ஆடிட்டார். ஆக ஆறு வருஷத்துல மிஸ் பண்ணது வெறும் 25 கேம். "ஹில் எப்பவும் காயம் பட்டுட்டே இருப்பார்"னு இப்போ சொல்றவங்க இதைப் பார்க்கணும். 27 வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்த உடம்பு அது.

2000 ஏப்ரல்

1999-2000 சீசன்ல அவர் சராசரி 25.8 பாயின்ட், அவரோட கரியர்லயே அதிகம். ஒப்பந்தம் முடியப்போற வருஷமும் அதுதான், சீசன் முடிஞ்சா ஃப்ரீ ஏஜென்ட், எந்த டீமுக்கும் போகலாம். ஏப்ரல் 15, ஃபிலடெல்ஃபியாவோட கேம்ல இடது கணுக்கால் பிசகுச்சு. பிளேஆஃப்ஸுக்கு ஏழே நாள்.

அவர் ஆடினார். வலியோட ஆடினார். எதிர்ல மயாமி ஹீட், முதல் ரவுண்ட், ரெண்டாவது கேம் பாதியிலயே முடியாம வெளிய வந்தார். பிசகுன்னு ஆரம்பிச்சது முறிவுல போய் நின்னுச்சு. மயாமி அந்த சீரிஸை 3-0ல முடிச்சாங்க. கால்ல ஆபரேஷன். சிட்னி ஒலிம்பிக்ஸ் டீம்ல அவர் பேர் இருந்துச்சு, அதுக்கும் போக முடியல.

இந்த இடத்துல நான் யாரையும் குத்தம் சொல்ல வரல. 27 வயசு, ஆறு வருஷமா ஒரு பிளேஆஃப் சீரிஸ் கூட ஜெயிக்காத டீம், அடுத்த வாரம் பிளேஆஃப்ஸ், லீடர் நீதான், எந்த ஆட்டக்காரரும் கட்டு போட்டுட்டு இறங்கத்தான் பார்ப்பார். அதுலயும் அந்தக் காலத்துல வலியோட ஆடுறதுதான் வீரம்ங்கற பேச்சு ரொம்ப ஜாஸ்தி. ஆனா கேஸா எடுத்துப் பார்த்தா திருப்பம் இந்த ஏழு நாள்தான். கணுக்கால் பிசகு பாஸ்கெட்பால்ல தினம் நடக்குற விஷயம், அதுக்கு வேணும்கிறது ஓய்வு. அது கிடைக்காம திரும்பத் திரும்பக் குதிச்சு இறங்கும்போது, ஏற்கனவே தளர்ந்து போன இடத்துல பாரம் எல்லாம் எலும்பு மேல போயிடுது. அதுதான் நடந்ததுன்னு நான் நினைக்கிறேன்.

ஆர்லாண்டோ, நாலு வருஷம், 47 கேம்

அந்த சம்மர்ல ஆர்லாண்டோ மேஜிக் ரொம்பப் பெரிய கனவு கண்டாங்க. சம்பளக் கணக்கைக் காலி பண்ணி வெச்சுட்டு ஹில், ட்ரேசி மெக்ரேடி, டிம் டங்கன் மூணு பேரையும் குறி வெச்சாங்க. டங்கன் வந்து பார்த்துட்டு சான் அன்டோனியோலயே இருந்துட்டார், மத்த ரெண்டு பேரும் வந்தாங்க. ஹில்லுக்கு ஏழு வருஷம், 9 கோடி டாலருக்கும் மேல. டெட்ராய்ட் சும்மா விடாம, தாங்களே ஒப்பந்தம் போட்டு அனுப்புற சைன் அண்ட் ட்ரேடா மாத்தி, பதிலுக்கு சக்கி ஆட்கின்ஸ், பென் வாலஸ்னு ரெண்டு பேரை வாங்கிக்கிட்டாங்க. டெட்ராய்ட் பக்கம் அதை முடிச்சு வெச்சது ஜோ டூமார்ஸ், ஹில்லோட அஞ்சு வருஷம் சேர்ந்து ஆடினவர், அப்போதான் டீம் பொறுப்புக்கு வந்திருந்தார்.

இந்த ட்ரேடைப் பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும். பென் வாலஸ் டிராஃப்ட்லயே யாரும் எடுக்காத ஆள். ஹில்லுக்கு பதிலா அவரான்னு டெட்ராய்ட் ஃபேன்ஸ் மனசு உடைஞ்சு போயிருப்பாங்க. அந்த வாலஸ் 2002, 2003, 2005, 2006னு நாலு தடவை டிஃபென்சிவ் பிளேயர் ஆஃப் தி இயர், 2004ல லேக்கர்ஸை 4-1ல அடிச்சு டெட்ராய்ட் சாம்பியன். 2003 முதல் ரவுண்ட்ல ஆர்லாண்டோ இதே டெட்ராய்ட்டை 3-1னு முன்னாடி வெச்சிருந்து, கடைசி மூணு கேமையும் தோத்து வெளிய போச்சு. ஹில் அதுல ஒரு நிமிஷம் கூட ஆடல, கால்ல கட்டோட இருந்தார். ஒரு ட்ரேட்ல போன ஆளும் வந்த ஆளும் இப்படி எதிர் எதிர் திசையில போனது எனக்கு இப்பவும் நெஞ்சை அடைக்குற விஷயம்.

சரி, கால். 2000-01ல 4 கேம். 2001-02ல 14. 2002-03ல 29. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான்: ஆபரேஷன், மாசக்கணக்கா பயிற்சி, திரும்பி வருவார், கொஞ்ச நாள் நல்லா ஆடுவார், ஃபேன்ஸ் சந்தோஷப்படுவாங்க, வலி ஆரம்பிக்கும், ஸ்கேன், மறுபடி ஆபரேஷன். பக்கத்துல மெக்ரேடி 2002-03ல 32.1 சராசரியோட லீக்லயே அதிக ஸ்கோர் பண்ணிட்டு இருக்கார், ரெண்டு பேரும் முழுசா சேர்ந்து ஆடினா எப்படி இருந்திருக்கும்னு பார்க்கவே விடல அந்தக் கால்.

அது ஏன் ஆறவே இல்ல? கணுக்கால்ல உள்பக்கம் துருத்திக்கிட்டு இருக்கற மொட்டு ஒண்ணு இருக்கு, தனி எலும்பு மாதிரி தெரியும், நிஜத்துல அது முழங்கால்ல இருந்து இறங்குற பெரிய எலும்போட நுனி. பாதமும் கால் எலும்பும் நேர்கோட்டுல இருந்தா இறங்கும்போது வர்ற அடி நேரா மேல ஏறிப் பரவிடும். கோணம் கொஞ்சம் உள்பக்கமா சாஞ்சிருந்தா ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஒரே இடத்துல இடிக்கும். முறிஞ்ச எலும்பைத் தகடும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்கலாம், இறுக்கின எலும்பு ஒட்டவும் செய்யும், ஆனா இடிக்கிற கோணம் அப்படியே இருந்தா ஒட்டின இடத்துலயே மறுபடி விரிசல் விடும். உடைஞ்ச கதவுக் கீலை மாத்தி மாத்திப் போட்டுட்டே இருந்து, நிலை சாஞ்சிருக்கறதைப் பார்க்காம விட்ட மாதிரி.

இதோட இன்னொண்ணும் சேர்ந்துச்சு, அவசரம். யாரோ ஒருத்தர் அவசரப்படுத்தினாங்கன்னு நான் சொல்லல. அவ்ளோ பெரிய ஒப்பந்தம் வாங்கிட்டு பெஞ்ச்ல சூட் போட்டு உக்காந்திருக்கற ஒரு மனுஷனுக்கு உள்ளுக்குள்ள இருந்து வர்ற அவசரம் இருக்கே, அதுவே போதும். முதல் மூணு சீசனும் திரும்பி வர்ற தேதியைப் பார்த்துதான் போச்சு.

2003 மார்ச்

இந்தத் தடவை டாக்டர்ஸ் வேற வழி எடுத்தாங்க. கணுக்காலை அவங்களே மறுபடி உடைச்சு, கால் எலும்போட நேர்கோட்டுல வர்ற மாதிரி மாத்தி அமைச்சாங்க. ரொம்பப் பெரிய ஆபரேஷன். கீலை விட்டுட்டு நிலையையே நிமித்துற வேலை.

ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாவது நாள் 104.5 டிகிரி காய்ச்சல், உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. ஹாஸ்பிடலுக்கு ஓடினாங்க, கால்ல இருந்த கட்டைப் பிரிச்சுப் பார்த்தா இன்ஃபெக்ஷன். எம்ஆர்எஸ்ஏ.

தெரியாதவங்களுக்கு: ஸ்டஃபிலோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா, நல்லா இருக்கற பல பேரோட தோல் மேலயும் மூக்குலயும் சும்மா இருக்கும், ஒண்ணும் பண்ணாது. ஆபரேஷன் வெட்டு வழியா உள்ள போனாதான் பிரச்சனை. அதுல ஒரு வகை, மெத்திசிலின் மாதிரியான மருந்து எதுக்கும் அசையாத வகை, அதுதான் எம்ஆர்எஸ்ஏ. வழக்கமா கொடுக்கற ஆன்டிபயாட்டிக் கேக்காது, ரத்தத்துல கலந்துட்டா ஆளையே சாய்ச்சிடும். 30 வயசு, உலகத்துலயே உச்ச ஃபிட்னஸ்ல இருக்கற ஆட்டக்காரர்ங்கறதெல்லாம் அதுக்குக் கணக்கே இல்ல. ஒரு வாரம் ஹாஸ்பிடல், அதுக்கு அப்புறம் ஆறு மாசம் நரம்பு வழியா ஆன்டிபயாட்டிக். ஆறு மாசம்! நமக்கு அஞ்சு நாள் மாத்திரைக்கே சலிப்பு வந்துடுது.

அதே 2003லதான் அவர் மனைவி, பாடகி டமியாவுக்கு மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ்ங்கற நரம்பு மண்டல நோய் இருக்குன்னு தெரிஞ்சது. ஒரு வீட்டுல ஒரே வருஷத்துல ரெண்டு இடி. சின்னக் குழந்தை வேற வீட்டுல. பாஸ்கெட்பாலை விட்டுட்டாலும் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க.

2003-04 சீசன்ல அவர் ஆடின கேம் 0.

இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்ப முக்கியமான நம்பர் எதுன்னு கேட்டா அந்த 0தான் சொல்வேன். 9,393ம் இல்ல, 25.8ம் இல்ல. ஏன்னா 2000 ஏப்ரல்ல இருந்து முதல் தடவையா அந்தக் காலுக்கு முழுசா ஒரு வருஷத்துக்கு மேல கிடைச்சது அப்போதான். இன்ஃபெக்ஷன் வந்ததால அவசரப்படவே முடியாத நிலைமை. நேர் பண்ணின எலும்பு, நேரான கோணத்துல, யாரும் தொந்தரவு பண்ணாம ஊறி ஒட்டுறதுக்கு நேரம். உயிரை எடுக்க வந்த நோய்தான் காலுக்கு வேண்டிய நேரத்தையும் வாங்கிக் கொடுத்துச்சோன்னு சில சமயம் தோணும். நிரூபிக்க முடியாது, ஆனா அதுக்கு முன்னாடி மூணு சீசன் வந்த 4, 14, 29ஐயும், அடுத்து வந்த நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

அடுத்து வந்தது 67.

திரும்பி வந்தவர்

2004-05. மெக்ரேடி அந்த சம்மர்லயே ஹூஸ்டனுக்குப் போயிட்டார், நாலு வருஷம் காத்திருந்த ஜோடி கடைசி வரைக்கும் முழுசா சேரவே இல்ல. புதுசா வந்திருந்தது 18 வயசு டுவைட் ஹவர்ட். ஹில் 67 கேம், 19.7 சராசரி. ஃபேன்ஸ் ஓட்டு போட்டு ஆல் ஸ்டார் கேம்ல ஈஸ்ட் டீமோட ஸ்டார்ட்டிங் அஞ்சுல நிக்க வெச்சாங்க, ஐவர்சன், வின்ஸ் கார்ட்டர், லெப்ரான், ஷகீலோட. ஆறு மாசம் ட்ரிப்ஸ் ஏத்திட்டு இருந்த மனுஷன்!

அதுக்கு அப்புறம் எல்லாம் சுகம்னு சொல்ல முடியாது. அடுத்த சீசன் ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா (அடிவயித்துப் பக்கம் தசை கிழியறது), 21 கேமோட நின்னுச்சு. அதுக்கு அடுத்த சீசன் 65. ஆர்லாண்டோல ஏழு வருஷத்துல 574 கேம் ஆட வேண்டியது, ஆடினது 200. 2007ல ஒப்பந்தம் முடிஞ்சுது, பிளேஆஃப்ஸ்ல அவங்களை 4-0ல வெளிய அனுப்பினது திரும்பவும் டெட்ராய்ட்.

பீனிக்ஸ்

2007ல முன்ன வாங்கினதுல ரொம்பச் சின்னப் பங்கு சம்பளத்துக்கு பீனிக்ஸ் சன்ஸ் போனார். ஸ்டீவ் நாஷ் இருந்த டீம். அந்த டீமோட ட்ரெயினிங் ஸ்டாஃப், ஏரன் நெல்சன் தலைமையில இருந்தவங்க, வயசான ஆட்டக்காரங்க உடம்பை ஓட வைக்கிறதுல லீக் முழுக்கப் பேர் வாங்கினவங்க.

70 கேம். அடுத்த சீசன் 82. 36 வயசுல, கரியர்லயே முதல் தடவையா, ஒரு சீசனோட 82 கேமையும் ஆடினார். டெட்ராய்ட்ல கல்லு மாதிரி இருந்தப்போ கூட 81தான் அதிகம். அதுக்கு அடுத்து 81, அதுக்கு அடுத்து 38 வயசுல 80. மூணு சீசன்ல மிஸ் பண்ணது மூணே கேம். என் கணக்கு தப்போன்னு நான் மறுபடி கூட்டிப் பார்த்தது இந்த வரிசையைத்தான்.

ஆனா ஆடினது பழைய ஹில் இல்ல, அதை உணர்ந்து அவரே ஆட்டத்தை மாத்திக்கிட்டார். டெட்ராய்ட்ல பால் எப்பவும் அவர் கையில இருக்கும், தூரத்துல இருந்து போடுற த்ரீ பாயின்டர் அவர் ஆட்டத்துலயே பெருசா கிடையாது. பீனிக்ஸ்ல பால் நாஷ் கையில. ஹில் கார்னர்ல போய் நிப்பார், பால் வந்தா போடுவார், 2009-10ல அவரோட த்ரீ பாயின்டர் 40 சதவீதத்துக்கு மேல. ஃபாஸ்ட் பிரேக்ல பக்கவாட்டுல ஓடுவார். எதிர் டீமோட நல்ல ஆட்டக்காரர் யாரோ அவரைப் பிடிக்கற வேலையை ஏத்துக்கிட்டார். முதல் எட்டு போன இடத்துல கால் வைக்கிற இடம், கோணம், எதிராளி எங்க போகப்போறார்ங்கற அறிவு இதெல்லாம் வந்து உக்காந்துச்சு. 2004க்கு அப்புறமான மொத்த சராசரி 13 பாயின்ட் பக்கம்தான். டெட்ராய்ட்ல 21.6. ஒரு சூப்பர் ஸ்டாருக்கு இந்த இறக்கத்தை மனசார ஏத்துக்கறது சுலபம் இல்ல, இதே மாதிரி காயத்துல இருந்து வந்த எத்தனையோ பேர் பழைய ஆட்டத்தையே ஆடப் பார்த்துத்தான் சீக்கிரம் முடிஞ்சு போனாங்க. எலும்பை நேர் பண்ணது டாக்டர்ஸ், ஆனா 544 கேம் வந்ததுக்குக் காரணம் அவர் தன்னைப் பத்தி வெச்சிருந்த நினைப்பை மாத்திக்கிட்டதுதான்னு எனக்குப் படுது.

2010 பிளேஆஃப்ஸ். எதிர்ல போர்ட்லாண்ட், முதல் கேம்ல ஆண்ட்ரே மில்லர் போட்டுத் தாக்கி பீனிக்ஸ் தோத்துச்சு. கோச் ரெண்டாவது கேம்ல இருந்து மில்லரைப் பிடிக்க அனுப்பினது 37 வயசு ஹில்லை. தன்னை விட உயரத்துல அரை அடிக்குப் பக்கமா ஜாஸ்தியான ஒருத்தர் முன்னாடி நின்னா மில்லர் என்ன பண்ணுவார், அடங்கிப்போனார். பீனிக்ஸ் 4-2. கிரான்ட் ஹில் தன் வாழ்க்கையில ஜெயிச்ச முதல் பிளேஆஃப் சீரிஸ் அது. 1994ல லீக்குக்கு வந்தவர்! அடுத்து சான் அன்டோனியோவை 4-0, கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல லேக்கர்ஸ் கிட்ட 4-2ல தோல்வி. ஃபைனல்ஸ் அவர் ஆடவே இல்ல, சாம்பியன் மோதிரமும் கிடையாது. அது குறைதான், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

மில்லரைப் பிடிக்க அனுப்பின அந்தக் கோச் ஆல்வின் ஜென்ட்ரி. 2000 சீசன்ல டெட்ராய்ட்ல ஹில்லோட கோச்சா இருந்து, அந்த ஏப்ரலுக்குக் கொஞ்சம் முன்னாடி மார்ச்ல வேலை போனவரும் இதே ஜென்ட்ரிதான். 25.8 சராசரி ஹில்லையும் பார்த்தவர், கார்னர்ல நிக்கிற ஹில்லையும் பார்த்தவர். பத்து வருஷம் கழிச்சு அந்த ரெண்டு பேரும் ஒரே பெஞ்ச்ல நிக்கிற வீடியோ பார்க்கும்போது எனக்குக் கண்ணு கலங்கும், சும்மா சொல்லல.

ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் அவார்டு மூணு தடவை வாங்கினார், 2005, 2008, 2010. மூணுமே திரும்பி வந்த பிறகு. அந்தக் கோப்பையோட பேரு ஜோ டூமார்ஸ் டிராஃபி.

2011-12ல முழங்கால் பிரச்சனை, 49 கேம். கடைசியா கிளிப்பர்ஸ்ல 29 கேம். 2013 ஜூன் 1, 40 வயசுல ரிட்டயர்மென்ட் சொன்னார். 17,137 பாயின்ட், 29 ட்ரிபிள் டபுள் (ஒரே கேம்ல பாயின்ட், ரிபவுண்ட், அசிஸ்ட் மாதிரி மூணு கணக்குல பத்து பத்தாவது எடுக்கறது), ஏழு தடவை ஆல் ஸ்டார். 2018ல ஹால் ஆஃப் ஃபேம், அதே வருஷம் அதே மேடையில ஜேசன் கிட், ஸ்டீவ் நாஷ், ரே ஆலன். ரூக்கி அவார்டைப் பங்கு போட்டவர் ஒரு பக்கம், பீனிக்ஸ்ல கூட ஓடினவர் இன்னொரு பக்கம்.

ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவரை அனுப்பினது டெட்ராய்ட் வருஷங்கள்தான்னு சொல்றவங்க உண்டு, நம்பரைப் பார்த்தா நியாயமும் இருக்கு. ஆனா 2003ல அவர் நிறுத்தியிருந்தா 482 கேமோட ஒரு சோகக் கதையா மட்டும்தான் அந்தப் பேர் இருந்திருக்கும்.

இப்போ அவர் அட்லான்டா ஹாக்ஸ் டீம்ல ஒரு பங்குதாரர், 2015ல இருந்து. 2021ல அமெரிக்க நேஷனல் டீமை அமைக்கற பொறுப்புக்கு வந்தார். முதல் பெரிய போட்டி 2023 வேர்ல்டு கப், நாலாவது இடம், நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார். அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு லெப்ரான், ஸ்டெஃப் கரி, கெவின் டுரான்ட் மூணு பேரையும் ஒரே டீம்ல கொண்டு வந்தார், ஃபைனல்ல ஃபிரான்ஸை 98-87ல ஜெயிச்சு தங்கம். சிட்னிக்குப் போக இருந்த அவர் இடது கணுக்கால் உடைஞ்சு 24 வருஷம் ஆகியிருந்துச்சு.